மர்மமா, துப்பா?

போன ஞாயிறு வேலூரில் ஒரு வாசகர் கூட்டம். இங்கிலாந்து எழுத்தாளர் எல்லிஸ் பீட்டர்ஸ் பற்றிப் பேச வந்தவர், அவரை ‘வரலாற்று மர்ம எழுத்தாளர்’ என்று ஏழெட்டு முறை சொல்லிவிட்டார். பழைய காலத்தில் நடக்கும் கொலைக்கதையை ஆங்கிலத்தில் ‘ஹிஸ்டாரிக்கல் மிஸ்டரி’ என்பார்கள்; அதை அப்படியே தமிழாக்கியது. பேச்சு முடிந்ததும் ஒரு கல்லூரி மாணவி எழுந்து, “சார், நம்ம கோட்டைச் சுரங்கப்பாதை மாதிரி விஷயமெல்லாம் அந்தம்மா எழுதியிருக்காங்களா?” என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அவள்மேல் என்ன தப்பு? வரலாற்று மர்மம் என்றால் தமிழில் அதுதானே பொருள், விடை தெரியாமல் கிடக்கிற பழைய சங்கதி!

‘மிஸ்டரி’ கிரேக்கத்திலிருந்து வந்தது; வெளியே சொல்லக்கூடாத சடங்கு என்பது பழைய பொருள். ‘மர்மம்’ வடமொழி, அடித்தால் உயிர் போகும் இடம். நம் வர்மக்கலையின் வர்மமும் அதுதான். ரகசியம் என்ற பொருள் பிறகு ஏறியது. இன்றைக்கு அது செய்தித்தாள்காரர்களின் சொத்து: மர்ம நபர், மர்மக் காய்ச்சல். ஊர்ப்பக்கம் நான்கு ஆடு செத்தால் மர்ம விலங்கு. தெரியாது என்று எழுதக் கூசுகிறவர்கள் எழுதும் சொல் அது.

பீட்டர்ஸின் கதைகளிலோ எதுவும் தெரியாமல் போவதில்லை. இயற்பெயர் எடித் பார்ஜெட்டர். 1913இல் ஷ்ராப்ஷயரில் பிறந்தவர். இளவயதில் மருந்துக்கடையில் வேலை பார்த்தவர். அவர் படைத்த காட்ஃபெல், 12ஆம் நூற்றாண்டு மடத்தில் மூலிகைத் தோட்டம் பார்க்கும் துறவி. 1977 முதல் 1994 வரை அவரை வைத்து 20 நாவல்கள். ஒன்றில், 1138இல் ஷ்ரூஸ்பரி கோட்டையைப் பிடித்த ஸ்டீபன் மன்னர் 94 பேரைத் தூக்கிலிடச் சொல்கிறார். அடக்கம் செய்யப்போன காட்ஃபெல் பிணங்களை எண்ணுகிறார்: 95. யாரோ ஒரு கொலையை அந்தப் பிணங்களுக்குள் ஒளித்திருக்கிறார்கள். இதற்குப் பெயர் மர்மமா? துப்பு ஐயா, துப்பு!

‘துப்பு கெட்டவனே’ என்று திட்டுகிறோமே, அதில் துப்பு என்பது திறமை. உளவு, தடயம் என்ற பொருளும் அதற்கு உண்டு. துப்பறியும் நாவல் என்றால் பெட்டிக்கடையில் பாக்கெட் நாவல் வாங்கிப் படித்த எவருக்கும் புரியும். முன்னால் ‘சரித்திர’ என்று சேர்த்தால் தீர்ந்தது: சரித்திரத் துப்பறியும் நாவல். ‘வரலாற்று’ என்றாலும் சரி. நீளம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

தனித்தமிழ் நண்பர் ஒருவர் ‘ஒற்றுப் புதினம்’ என்கிறார். வள்ளுவர் ஒற்றாடல் என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறாராம். அந்த ஒற்றன் அரசன் அனுப்பிய ஆள். காட்ஃபெலை எந்த அரசன் அனுப்பினான்? இன்னொருவர் ‘புதிர்ப் புதினம்’ என்றார். சிறுவர் மலரில் பென்சிலால் வழி கண்டுபிடிக்கும் கட்டம்தான் என் கண்முன் வந்தது.

பீட்டர்ஸ் 1995இல் காலமானார். பிரிட்டிஷ் குற்றக்கதை எழுத்தாளர் சங்கம் 1999இல் அவர் பெயரில் இந்த வகை நாவலுக்கென்றே விருது தொடங்கியது. அடுத்த கூட்டம் அந்த விருதைப் பற்றித்தான். நோட்டீஸில் ‘வரலாற்று மர்ம விருது’ என்றிருந்ததை அடித்துத் திருத்திக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டவர், “மர்மம்னு போட்டாத்தான் சார் கூட்டம் வரும்” என்றார்.