புராஸ்டேட் கேன்சர்: கட்டி இருக்கிற இடத்தை மட்டும் சுட்டா போதுமா?

பயாப்சி (ஊசியால துண்டு எடுத்துப் பாக்குற டெஸ்ட்) ரிப்போர்ட்ல அடினோகார்சினோமான்னு, அதாவது கேன்சர்னு, ஒரு வார்த்தை வந்துட்டா போதும், அடுத்த ரெண்டு நாளைக்கு வீட்ல யாருக்கும் தூக்கம் கிடையாது, வெளிநாட்ல இருக்கிற பையன் ஒரு பக்கம் லிங்க்கா அனுப்பிட்டு இருப்பார், மாப்பிள்ளை இன்னொரு பக்கம் யூட்யூப் பாத்துட்டு இருப்பார், மூணாவது நாள் என் ஓபிக்கு வரும்போது கேள்வி ரெடியா இருக்கும். "சார், ஹைஃபு பெட்டரா, நானோநைஃப் பெட்டரா?" ரெண்டுமே கட்டியை மட்டும் அழிக்கிற மெஷின். நோய் வந்த பெரியவர் ஓரமா பேசாம உக்காந்திருப்பார். மெஷின் எதுங்கிறது கடைசியா கேக்க வேண்டிய கேள்விங்க. இவருக்கு இப்போ எதாவது பண்ணியே ஆகணுமாங்கிறதுதான் முதல் கேள்வி, அதை பெரும்பாலும் யாருமே கேக்குறதில்ல.

முதல்ல விஷயம் என்னன்னு சொல்லிடறேன். புராஸ்டேட் ஒரு பெரிய நெல்லிக்காய் சைஸ்ல, மூத்திரப்பைக்குக் கீழ, யூரின் வர்ற குழாயைச் சுத்தி இருக்கு. ரெண்டு பக்கமும் ஒட்டினாப்ல விறைப்புக்கான நரம்பு போகுது, கீழ யூரினை அடக்குற தசை, பின்னாடி மலக்குடல். கேன்சர்னா மொத்த சுரப்பியையும் எடுக்கிறது இல்லன்னா ரேடியேஷன் கொடுக்கிறது, இதுதான் ரொம்ப காலமா வழக்கம். நல்ல கைல பண்ணாலும் சிலருக்கு அப்புறம் யூரின் ஒழுகும், நிறைய பேருக்கு விறைப்பு முன்ன மாதிரி இருக்காது. அதனாலதான் கட்டி இருக்கிற இடத்தையும் சுத்தி 5 டு 10 மில்லிமீட்டரையும் மட்டும் அழிச்சிட்டு மீதியை விட்டுடலாமேன்னு ஒரு யோசனை வந்துச்சு, அதுக்குப் பேர்தான் ஃபோக்கல் தெரபி. அந்த ஓரம் எதுக்குன்னா, எம்ஆர்ஐ காட்டுறதை விட கட்டி நிஜத்துல கொஞ்சம் பெருசாத்தான் இருக்கும்.

இதுல ஒரு சிக்கல் இருக்கு. புராஸ்டேட் கேன்சர் பல பேருக்கு ஒரே இடத்துல இருக்காது, அங்கங்க சின்னச் சின்னதா சிதறிக் கிடக்கும். ஆனா அதுல பெரிய, முரட்டுக் கட்டி ஒண்ணுதான் பெரும்பாலும் பின்னால பரவி பிரச்சனை பண்ணுது, மத்த குட்டிங்க பாட்டுக்கு சும்மா இருக்கும்ங்கிற நம்பிக்கையிலதான் இந்த ட்ரீட்மென்ட்டே நிக்குது. பெரும்பாலும் சரிதான், எப்பவும் இல்ல.

இப்போ அந்த முதல் கேள்வி. பயாப்சி ரிப்போர்ட்ல க்ளீசன் ஸ்கோர்னு ஒண்ணு இருக்கும், 3+3, 3+4, 4+3 இப்படி, நம்பர் ஏற ஏற கேன்சர் முரடுன்னு அர்த்தம். 3+3 மட்டும்தான் இருக்குன்னா பெரும்பாலானவங்களுக்கு நான் ஒண்ணும் பண்ணச் சொல்ல மாட்டேன், ஹைஃபுவும் வேண்டாம் ரோபோட் ஆபரேஷனும் வேண்டாம், பிஎஸ்ஏ (புராஸ்டேட்டுக்கான ரத்த டெஸ்ட்), எம்ஆர்ஐ, தேவைப்பட்டா திரும்ப பயாப்சின்னு கண்காணிப்புல வச்சுக்குவோம். கேன்சரை உள்ள வச்சுக்கிட்டு சும்மா இருக்கச் சொல்றாரே இந்த டாக்டர்னு எழுந்து போனவங்களும் உண்டு. இங்கிலாந்துல ப்ரொடெக்ட்னு ஒரு பெரிய ட்ரையல், 1,643 பேரை ஆபரேஷன், ரேடியேஷன், கண்காணிப்புன்னு மூணா பிரிச்சு 15 வருஷம் ஃபாலோ பண்ணாங்க, 2023ல ரிசல்ட் வந்துச்சு. புராஸ்டேட் கேன்சரால இறந்தவங்க மூணு குரூப்லயுமே சுமார் 3 சதவீதம்தான். பரவினது கண்காணிப்பு குரூப்ல ஜாஸ்தி, 9 சதவீதத்துக்கு மேல, மத்த ரெண்டுலயும் 5 சதவீதம் பக்கம், அதையும் மறைக்காம சொல்லணும். அதனால சும்மா இருக்கிறதுன்னா செக்கப்புக்கு வராம இருக்கிறது இல்ல.

ஆக 3+3க்கு ஃபோக்கல் பண்றது பல நேரம் தேவையில்லாத வேலை, கூட்டினா 8, 9, 10னு வந்தாலோ சுரப்பியைத் தாண்டி வெளிய வந்திருந்தாலோ அது பத்தாது. நடுவுல 3+4, சில பேருக்கு 4+3, எம்ஆர்ஐல தெளிவா ஒரே ஒரு கட்டி, டார்கெட் பண்ணி எடுத்த துண்டுல கேன்சர், மத்தபடி சுத்தியும் எடுத்த துண்டுகள்ல ஒண்ணும் பெருசா இல்ல, இப்படிப்பட்டவங்கதான் இதுக்கு சரியான ஆள். என் ஓபிக்கு இதைக் கேட்டு வர்றவங்கள்ல பாதிப் பேருக்கு மேல இந்த வட்டத்துக்குள்ள வர மாட்டாங்க. நம்ம ஊர்ல இன்னும் நிறைய பேர் முதுகுவலி, இடுப்பு வலின்னு வரும்போதுதான் கண்டுபிடிக்கிறோம், எலும்புக்குப் போயிட்ட பிறகு ஃபோக்கல்ங்கிற பேச்சுக்கே இடமில்ல.

ஆள் சரிதான்னு முடிவான பிறகுதான் மெஷின், அதையும் கட்டி இருக்கிற இடம்தான் முடிவு பண்ணும். பின்பக்கம் மலக்குடலை ஒட்டி இருந்தா ஹைஃபு வசதி, மலக்குடல் வழியா ஒரு ப்ரோபை வச்சு அல்ட்ராசவுண்டை ஒரு புள்ளியில குவிச்சு 60 டிகிரிக்கு மேல சூடாக்கி அழிக்கிறது. ஆனா சுரப்பிக்குள்ள கால்சியம் படிஞ்சிருந்தா ஒலி அங்கயே தடுக்கி நின்னுடும், பெரிய புராஸ்டேட்ல முன்பக்கக் கட்டின்னா எட்டாது. அதுக்கு க்ரையோ, அதாவது உறைய வச்சு அழிக்கிறது. விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவுல ஊசிகளை ஏத்தி ஆர்கான் கேஸை விட்டா நுனியில ஐஸ் உருண்டை கட்டும், ஸ்க்ரீன்ல ஒரு வெள்ளைக் கோடு மெதுவா நகர்ந்து வரும், அதுக்குப் பின்னாடி எல்லாம் கருப்பு. மைனஸ் 40 வரைக்கும் இறக்கி, உருக விட்டு, மறுபடி உறைய வைக்கணும், அந்த நேரம் முழுக்க யூரின் குழாய் உறைஞ்சிடாம இருக்க உள்ள வெதுவெதுப்பான தண்ணி ஓடிட்டே இருக்கும். அந்த வெள்ளைக் கோடு மலக்குடல் பக்கம் வரும்போது தியேட்டர்ல பேச்சு நின்னுடும், ஒரு மில்லிமீட்டர் கூடப் போச்சுன்னா வம்பு.

நானோநைஃப்ங்கிறது சூடும் இல்ல குளிரும் இல்ல, கட்டியைச் சுத்தி ஊசி வச்சு அதுங்களுக்கு நடுவுல ஹை வோல்டேஜ் கரண்ட்டை நொடியில ரொம்பச் சின்ன பங்கு நேரம் பாய்ச்சி செல்லோட தோல்ல ஓட்டை போடுறது. பேர்லதான் கத்தி. முழு மயக்கம் கொடுத்து தசையை அசையவிடாம வைக்கணும், இதயத்துடிப்போட ஒத்துப்போகணும். அமெரிக்காவுல மருந்து, மெஷினுக்கெல்லாம் அனுமதி கொடுக்கிற எஃப்டிஏ 2024 டிசம்பர்லதான் இதைப் புராஸ்டேட்டுக்கு அனுமதிச்சாங்க. ஹைஃபுவுக்கு 2015லயே கிடைச்சிருச்சு.

"ஒரே நாள்ல குணம்"னு விளம்பரம் பாத்திருப்பீங்க. ஒரே நாள்ல வீட்டுக்குப் போகலாம், அது உண்மை, பெரும்பாலும் கதீட்டரோட (யூரின் போக வைக்கிற ட்யூப்) ஒரு வாரம் போல இருக்கணும். யூரின் ஒழுகுறது, ஆபரேஷனை விட ரொம்பக் குறைவு, விறைப்பும் நிறைய பேருக்குத் தப்பிக்குது, எல்லாருக்கும் இல்ல. விந்து குறையலாம். அரிதா மலக்குடலுக்கும் யூரின் பாதைக்கும் நடுவுல ஓட்டை விழும், வந்தா பெரிய அவஸ்தை.

பிஎஸ்ஏ ஜீரோ ஆகாது, மீதி சுரப்பி உள்ளயே இருக்கே. முதல் வருஷம் மூணு மாசத்துக்கு ஒரு தடவை பிஎஸ்ஏ, அப்புறம் எம்ஆர்ஐ, ஒரு வருஷத்துக்குள்ள திரும்ப பயாப்சி. இந்த பயாப்சியைத்தான் எல்லாரும் தட்டிக் கழிக்கிறாங்க, "நல்லாத்தானே இருக்கேன் டாக்டர்"னு. இங்கிலாந்துல 13 சென்டர்ல ஹைஃபு பண்ணிக்கிட்ட 1,379 பேரோட கணக்கு 2022ல வந்துச்சு, 7 வருஷத்துல சுமார் 69 சதவீதம் பேர் ஆபரேஷன், ரேடியேஷன்னு பெரிய வைத்தியத்துக்குப் போகாம ஓட்டியிருக்காங்க, அதுலயும் சிலருக்கு ரெண்டாவது தடவை ஹைஃபு பண்ண வேண்டியிருந்துச்சு. மீதிப் பேருக்கு அடுத்த கட்டம். ஒரு தடவை சுட்ட இடத்துல பின்னால ஆபரேஷன் பண்றது முடியும், ஆனா எல்லாம் ஒட்டிக் கிடக்கும், கஷ்டம். ஆபரேஷனோட நேருக்கு நேர் வச்சு 15 வருஷம் பாத்த ட்ரையல் ஃபோக்கலுக்கு இன்னும் கிடையாது, அதனால ஐரோப்பிய யூரோலஜி சங்கம் இதை ட்ரையல் இல்லன்னா ரெஜிஸ்ட்ரிக்குள்ள (ஒவ்வொருத்தரோட ரிசல்ட்டையும் பதிஞ்சு வைக்கிற கணக்கு) வச்சுப் பண்ணுங்கன்னுதான் சொல்லுது. என் கருத்தும் அதுதான். போற இடத்துல இதுவரைக்கும் எத்தனை பேருக்குப் பண்ணீங்க, ஒரு வருஷ பயாப்சில எத்தனை பேருக்கு மிச்சம் இருந்துச்சுன்னு கேளுங்க, கேட்டா கோவப்படுற டாக்டர்கிட்ட பண்ணிக்காதீங்க.

50 தாண்டினவங்க, அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ இருந்தா 45லயே, பிஎஸ்ஏ பாக்குறதைப் பத்தி டாக்டர்கிட்ட பேசுங்க. யூரின் இன்ஃபெக்ஷன் இருக்கிறப்போ பாக்காதீங்க, பொய்யா ஏறும். புராஸ்டேட் வீக்கத்துக்கு ஃபினாஸ்டெரைடு, டூடாஸ்டெரைடு மாத்திரை ஆறு மாசத்துக்கு மேல சாப்பிடறவங்களுக்கு பிஎஸ்ஏ பாதியாத்தான் காட்டும், 3ன்னு வந்தா அதை 6ன்னு நினைச்சுக்கணும், மாத்திரைப் பேரை டாக்டர்கிட்ட கட்டாயம் சொல்லிடுங்க. எம்ஆர்ஐயை பயாப்சிக்கு முன்னாடி எடுங்க, பின்னாடி எடுத்தா உள்ள ரத்தக்கசிவு படத்தைக் கெடுத்துடும், ஆறு எட்டு வாரம் காத்திருக்கணும். செகண்ட் ஒப்பீனியனுக்குப் போறப்போ வெறும் ரிப்போர்ட் பேப்பரைத் தூக்கிட்டுப் போகாதீங்க, எம்ஆர்ஐ சிடியும் பயாப்சி ஸ்லைடும் பிளாக்கும் (துண்டை மெழுகுல பதிச்சு வச்சது) கேட்டு வாங்கிட்டுப் போங்க, லேப்ல கொடுப்பாங்க.