டிங்சர்: தமிழில் 'ஊறல்' என்பதே பொருந்தும்

டிங்சர் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது காயத்தில் தடவும் டிங்சர் அயோடின்தான். தடவினால் எரியும், தோல் பழுப்பாகும். அதே சொல் மூலிகை மருந்துப் புட்டிகளிலும் இருக்கிறது. முன்னது வெளியே தடவ மட்டும், குடித்தால் ஆபத்து. பின்னதை உள்ளே சாப்பிடச் சொல்கிறார்கள். இரண்டுக்கும் ஒரே பெயர் எப்படி வந்தது?

லத்தீனில் 'டிங்கெரே' என்றால் தோய்த்தல், சாயம் ஏற்றுதல். அதிலிருந்து வந்தது 'டிங்க்டூரா', அதாவது சாயமேற்றும் வேலை. ஆங்கிலத்தின் 'டின்ட்', ஸ்பானியர் சிவப்பு ஒயினைச் சொல்லும் 'டின்டோ' எல்லாம் இதே வேரில் பிறந்தவை. ஆல்கஹாலில் ஒரு செடியைப் போட்டு வைத்தால் அதன் நிறம் திரவத்தில் இறங்கும். நிறத்தோடு மருந்துச் சத்தும் இறங்கும். அப்படித்தான் சாயச் சொல் மருந்துச் சொல் ஆனது. இன்று நிறம் முக்கியமில்லை. எத்தனாலும் (மதுவில் இருக்கும் ஆல்கஹால்) தண்ணீரும் கலந்த திரவத்தில் ஊறவைத்து எடுத்த மருந்து என்பதே பொருள்.

பொதுவாகக் காய்ந்த மூலிகை ஒரு பங்கு, திரவம் ஐந்து பங்கு. இரண்டிலிருந்து நான்கு வாரம் மூடி வைத்து, அவ்வப்போது குலுக்கி, வடிகட்டிப் பிழிந்தால் டிங்சர் தயார். ஆல்கஹாலின் அளவு செடியைப் பொறுத்தது. துவர்ப்புச் சத்து போலத் தண்ணீரில் எளிதாகக் கரைபவற்றுக்கு 25 சதவீதம் போதும். சாம்பிராணி, வெள்ளைப்போளம் போன்ற பிசின்களுக்கு 90 சதவீதம் வரை வேண்டும்.

சரி, தமிழில் இதை எப்படிச் சொல்வது? 'சாறு' என்று எழுதுபவர்கள் உண்டு. சாறு என்பது பச்சையாக இடித்துப் பிழிவது; அது பொருந்தாது. 'கஷாயம்' தண்ணீரில் கொதிக்க வைப்பது. 'தைலம்' என்பதுதான் மிகவும் ஆபத்தான மொழிபெயர்ப்பு. ஆவியாக்கிக் குளிரவைத்து, அதாவது வாலை வடித்து எடுக்கும் யூகலிப்டஸ் தைலமும் டிங்சரும் ஒரே மாதிரி பழுப்பு நிறச் சொட்டுப் புட்டியில் வருகின்றன. டிங்சர் என்று நினைத்து அந்தத் தைலத்தைக் குழந்தைக்குக் கொடுத்தால் சில மில்லியிலேயே வலிப்பு வரலாம். 'அரிஷ்டம்', 'ஆசவம்' ஆகிய ஆயுர்வேத மருந்துகளிலும் ஆல்கஹால் உண்டு, ஆனால் அது புளிப்பேறும்போது தானாக உண்டாவது. டிங்சரில் நாம் சேர்ப்பது.

சித்த மருத்துவத்தின் அக மருந்து வகைகளில் 'தேனூறல்' என்று ஒன்று இருக்கிறது. பொருளைத் தேனில் ஊறவைப்பது. அதே வழியில் போனால் டிங்சருக்கு 'ஊறல்' என்பதே சரியான பெயர். 'சாராய ஊறல்' என்று மட்டும் சொல்லக்கூடாது. கள்ளச்சாராயத்துக்கான ஊறலைப் போலீஸ் அழித்த செய்திகளில் அந்தச் சொல் வேறு பொருளில் நிலைத்துவிட்டது. 'மூலிகை மதுசார ஊறல்' என்றால் மூலிகை இருப்பதும், ஆல்கஹால் இருப்பதும், ஊறவைத்தது என்பதும் தெரிந்துவிடும். ஆல்கஹாலைக் குறிக்கும் 'மதுசாரம்' என்ற அந்த நடுச்சொல் அவசியம் வேண்டும் என்பேன். கர்ப்பிணி, கல்லீரல் நோயாளி, குடியை விட்டவர் ஆகியோருக்கு முதலில் தெரியவேண்டியது அதுதான். டிங்சர் அயோடினில் எந்தச் செடியும் ஊறவில்லை. ஆல்கஹாலில் அயோடினைக் கரைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அதனால் அதை 'அயோடின் கரைசல்' என்று பிரித்துச் சொல்லலாம்.

ஊறவைக்கும் திரவம் முக்கியம் என்பதற்கு வரலாற்றில் ஒரு கொடிய சான்று உண்டு. 1937இல் அமெரிக்காவில் 'எலிக்சிர் சல்ஃபனிலமைடு' என்ற திரவ மருந்து 100க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. கொன்றது சல்ஃபனிலமைடு என்ற கிருமி எதிர்ப்பு மருந்து அல்ல, அதைக் கரைக்கப் பயன்படுத்திய டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சுத் திரவம். மெத்தனால் என்ற நச்சு ஆல்கஹால் கலந்த தொழிற்சாலை ஸ்பிரிட்டில் வீட்டிலேயே ஊறல் போட நினைப்பவர்கள் இதை மறக்கக்கூடாது. உள்ளுக்குச் சாப்பிடத் தகுந்த எத்தனால் மட்டுமே இதற்கு ஆகும்.

லேபிளில் 1:5 என்று இருந்தால் 5 மில்லியில் ஒரு கிராம் மூலிகையின் சத்து. 1:1 என்றால் அதே 5 மில்லியில் ஐந்து கிராம். ஒரு புட்டிக்குச் சொன்ன அளவை இன்னொன்றுக்குப் பயன்படுத்தக்கூடாது என்பதற்கு இதுவே காரணம். சொட்டுக் கணக்கையும் நம்ப வேண்டாம். தண்ணீர் சுமார் 20 சொட்டு ஒரு மில்லி. ஆல்கஹாலின் சொட்டு அதைவிடச் சிறியது, குழாய்க்குக் குழாய் மாறவும் செய்யும். மில்லி கோடு போட்ட குழாயால் அளப்பது நல்லது. 45 சதவீத ஊறலை 5 மில்லியாக மூன்று வேளை எடுத்தால் ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்குச் சற்று மேல் ஆல்கஹால் உள்ளே போகிறது. வெந்நீரில் விட்டால் அது முழுவதும் ஆவியாகிவிடாது.

அப்புறம், 'ஹெர்பலிஸ்ட்'. லத்தீன் 'ஹெர்பா', அதாவது செடி, அதிலிருந்து வந்த சொல். 'மூலிகை மருத்துவர்' என்கிறோம். ஆனால் பிரிட்டன், அமெரிக்கா போன்ற நாடுகளில் இந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், சட்டம் தடுப்பதில்லை. அதனால் எங்கே படித்தார், எந்த அமைப்பில் பதிவு பெற்றவர் என்று கேட்பதில் தவறே இல்லை. நல்ல மூலிகை மருத்துவர் முதலில் கேட்பது நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளைத்தான். செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற செடி கருத்தடை மாத்திரை, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின், உறுப்பு மாற்றியவர்கள் சாப்பிடும் சைக்ளோஸ்போரின் ஆகியவற்றின் வேலையைக் குறைத்துவிடும். அதிமதுரம் நாள்பட எடுத்தால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். இதையெல்லாம் கேட்காமலே புட்டியை நீட்டுபவரிடம் வாங்காதீர்கள். உங்கள் டாக்டரிடமும் ஊறல் சாப்பிடுவதை மறைக்க வேண்டாம், குறிப்பாக அறுவை சிகிச்சைக்கு முன்.

புட்டியில் செடியின் லத்தீன் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். கரிசலாங்கண்ணி என்ற ஒரே பெயரில் வெள்ளைப்பூச் செடியும் மஞ்சள்பூச் செடியும் உண்டு. இரண்டும் வெவ்வேறு இனம். செடியின் எந்தப் பாகம், என்ன விகிதம், எத்தனை சதவீத ஆல்கஹால், எப்போது தயாரித்தது என்பதும் இருக்கவேண்டும். ஊறல் சாப்பிடும் நாட்களில் கண் மஞ்சளானாலோ, சிறுநீர் கறுத்தாலோ, தோலில் தடிப்பு வந்தாலோ உடனே நிறுத்திவிட்டு, அந்தப் புட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.