பழைய மின்காரில் மினுங்கும் ரயர் விளக்கு

காரை இயக்கியதும் முகப்பில் வரும் அந்த மஞ்சள் விளக்கு, லாட வளைவுக்குள் ஆச்சரியக்குறி போட்டது, மினுங்காமல் நேரே எரிந்தால் ஏதோ ஒரு ரயரில் காற்றுக் குறைவு. ஒரு நிமிடம்போல மினுங்கிவிட்டுப் பிறகு நின்று எரிந்தால் விசயம் வேறு. காற்றை அளக்கிற அமைப்பிலேயே பழுது. இரண்டையும் ஒன்றென்று நினைத்து, பெற்றோல் நிலையத்தில் காற்றடித்துக் களைத்தபிறகுதான் பலர் கராஜுக்கு வருகிறார்கள். சிலர் வருவதேயில்லை, விளக்கின்மேல் கறுப்பு ரேப் ஒட்டிவிடுகிறார்கள்.

ரொறொன்ரோவில் நான் பார்க்கிற மின்கார்களில் இந்தக் குறையோடு அதிகம் வருவது முதல் தலைமுறை நிசான் லீஃப், அதாவது 2011 முதல் 2017 வரையான மொடல்கள். காரணம் வயதுதான். ஒவ்வொரு சில்லுக்குள்ளும் வால்வின் அடியில் ஒரு சின்னச் சென்சர் இருக்கிறது. அமுக்கத்தை அளக்கிற பகுதி, அதை வானலையில் அனுப்புகிற பகுதி, நாணயம்போன்ற ஒரு லிதியம் பற்றரி, எல்லாவற்றையும் சேர்த்துப் பிசின் வார்த்து மூடியிருப்பார்கள். பற்றரியை மட்டும் மாற்ற இடம் வைக்கவில்லை. ஐந்திலிருந்து பத்து வருடம் உழைக்கும். பழைய லீஃப் வாங்க வருகிறவர்கள், காரை ஓட்டுகிற பெரிய பற்றரிக்கு முகப்பில் வலுவைக் காட்டுகிற கோடுகளில் எத்தனை மிச்சம் என்று துருவித் துருவிக் கேட்பார்கள். சில்லுக்குள் இருக்கிற இந்த நான்கு சின்னப் பற்றரிகளைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை.

சாகப்போகிற சென்சர் முன்கூட்டியே அறிவிக்கும். தை மாதக் குளிரில் காலையில் விளக்கு மினுங்கும், மத்தியானம் வெயில் பட்டு ஓடினபிறகு அடுத்த முறை இயக்கும்போது வராது. குளிரில் பற்றரியின் வலு இறங்குவதால் வருகிற ஆட்டம் அது. தானாகச் சரிவந்துவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். சென்சர் இன்னும் பேசுகிற அந்த நாட்களில் செய்யவேண்டிய ஒரு வேலை இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

அதற்குமுன், விளக்கு ஒழுங்காக வேலைசெய்தாலும் அதை எவ்வளவுக்கு நம்பலாம் என்று ஒரு கணக்கு. லீஃபுக்குச் சொல்லப்பட்ட அமுக்கம் 36 பிஎஸ்ஐ. புரட்டாதியில் 20 பாகை வெப்பத்தில் சரியாக 36 அடித்துவிட்டு அப்படியே விட்டால், மறை 15 பாகைக் குளிர் வரும்போது ரயரில் நிற்பது கிட்டத்தட்ட 30. ஓட்டையும் இல்லை, கசிவும் இல்லை, குளிர் மட்டும்தான். ஆனால் அமெரிக்கச் சட்டப்படி விளக்கு எரியவேண்டியது சொன்ன அளவில் கால்வாசி குறைந்த பிறகு, அதாவது 27இல். 36க்கும் 27க்கும் இடையில் நீங்கள் மாதக்கணக்காக ஓடலாம், விளக்கு வாய்திறக்காது. ஆகவே சென்சர் புதிதாக இருந்தாலும் மாதம் ஒருமுறை, ரயர் குளிர்ந்திருக்கும்போது, கையில் ஒரு கேஜை எடுத்து அளப்பதை நிறுத்தவேண்டாம்.

இந்தச் சட்டம் வந்த பின்னணி தெரிந்தால் ரேப் ஒட்டுகிற கை கொஞ்சம் தயங்கும். ஃபோர்ட் எக்ஸ்புளோரர் வண்டிகளில் ஃபயர்ஸ்ரோன் ரயர்கள் பிரிந்து அமெரிக்காவில் 200க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2000ஆம் ஆண்டு சட்டம் இயற்றி, 2008 மொடலிலிருந்து இலகு வண்டிகள் எல்லாவற்றுக்கும் இந்த அமைப்பைக் கட்டாயமாக்கினார்கள். கனடாவில் அது கட்டாயம் இல்லை. அதனால்தான் இங்கே வின்ரர் ரயருக்குச் சென்சர் இல்லாத றிம்மைப் பூட்டிவிட்டு, விளக்கு எரிய எரியக் குளிர்காலம் முழுவதும் ஓடுகிறார்கள். குற்றம் இல்லை. ஆனால் லீஃபில் மேலதிகச் சில்லு கிடையாது. ஒட்டுத் திரவமும் ஒரு சின்னப் பம்பும்தான் தருகிறார்கள். பற்றரியோடு சேர்ந்து வண்டி ஏறக்குறைய 1500 கிலோ. காற்றுக் குறைந்தால் ஓடும் தூரம் குறையும் என்று எல்லோரும் பயப்படுகிறார்கள், அது சின்ன இழப்பு. இவ்வளவு பாரத்தில் ரயரின் பக்கச்சுவர் மடிந்து மடிந்து சூடாகிக் கெடுவதுதான் பெரிய இழப்பு.

மாற்றுவதென்றால் நான்கையும் ஒன்றாக மாற்றுங்கள். ஒன்று செத்தால் மற்ற மூன்றுக்கும் அதே வயது. சென்சரின் விலையைவிட, ரயரைக் கழற்றிப் பூட்டிச் சமன்பார்க்கிற கூலிதான் ஒவ்வொரு முறையும் உறைக்கும். புது ரயர் போடுகிற நாளோடு சேர்த்துச் செய்தால் அந்தக் கூலி மிச்சம்.

இணையத்தில் மலிவாக வாங்கிக்கொண்டு வருகிறவர்கள் இரண்டு இடத்தில் அடிபடுகிறார்கள். ஒன்று அலைவரிசை. வட அமெரிக்க லீஃபின் சென்சர் 315 மெகாஹேர்ட்ஸில் பேசும், ஐரோப்பாவுக்குச் செய்தது 433இல். லண்டனில் இருக்கிற மச்சான் அனுப்பினது பார்வைக்கு அச்சொட்டாக இருக்கும், வால்வும் பொருந்தும், கார் மட்டும் அதைக் கேட்காது. மற்றது பதிவு. ஒவ்வொரு சென்சருக்கும் ஒரு அடையாள எண் உண்டு. ரெஸ்லா புதுச் சென்சரைச் சில நிமிடம் ஓடும்போது தானாகவே கண்டுபிடித்துவிடும். பழைய லீஃப் அப்படி இல்லை, நான்கு எண்களையும் ஓபிடி வழியாக, அதாவது காரின் கணினியோடு பேசுகிற செருகுவாய் வழியாக, கருவி போட்டு எழுதவேண்டும். 'கொஞ்சம் ஓடுங்கள், தானாகப் போய்விடும்' என்று சொல்லி லீஃபை வெளியே விடுகிற கடையிடம் கருவி இல்லை என்று அர்த்தம்.

இங்கேதான் நான் மேலே சொன்ன வேலை வருகிறது. பழைய சென்சர் உயிரோடு இருக்கும்போதே, கையடக்கக் கருவியை வால்வுக்குப் பக்கத்தில் பிடித்து எழுப்பி, நான்கு எண்களையும் வாசித்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எண்ணை எழுதக்கூடிய வெற்றுச் சென்சர்கள் கடையில் உண்டு. அவற்றில் பழைய எண்களையே பதித்துவிட்டால் காருக்கு ஒன்றும் மாறியதாகத் தெரியாது, பதிவே தேவையில்லை. வின்ரர் றிம்முக்கும் அதே எண்களில் இன்னொரு செற் செய்துவிட்டால் ஐப்பசியிலும் சித்திரையிலும் கருவிக்காரரைத் தேடி அலையவேண்டாம். சென்சர் செத்தேவிட்டாலும், ரயரைக் கழற்றியபின் அதன் உடம்பிலேயே பெரும்பாலும் எண் அச்சடித்திருக்கும். ஆகவே பழையதைக் குப்பையில் போடமுன் கேட்டு வாங்குங்கள்.

கழற்றுகிற இடத்தில் கவனிக்க இரண்டு விசயம். இங்கே வீதியில் கொட்டுகிற உப்பு, அலுமினிய வால்வுத் தண்டையும் அதற்குள் இருக்கிற பித்தளை ஊசியையும் ஒன்றோடொன்று அரித்து இறுக்கிவிடும். பலவந்தமாகத் திருப்பினால் தண்டு முறியும். நிக்கல் பூசிய ஊசியும் பிளாஸ்ரிக் மூடியும் போடுங்கள், பளபளக்கிற உலோக மூடி வேண்டாம். நட், வாசர், றப்பர் வளையம் மூன்றையும் ஒவ்வொரு ரயர் மாற்றத்திலும் புதிதாக்கவேண்டும். அடுத்தது தூக்குகிற முறை. லீஃபின் அடிப்பக்கம் முழுக்கப் பற்றரிப் பெட்டி. லிஃப்ற்றின் கையோ ஜக்கோ அதில் முட்டக்கூடாது, ஓரத்தில் குறித்திருக்கிற இடங்களில்தான் வைக்கவேண்டும். மின்கார் பழக்கமில்லாத கடையென்றால் பக்கத்தில் நின்று சொல்லுங்கள், கோபித்தால் வேறு கடை பாருங்கள்.

பஞ்சருக்கு ஒட்டுத் திரவம் அடித்திருந்தால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அது சென்சரின் துவாரத்தை அடைத்திருக்கலாம், அதோடு கழற்றுகிறவரின் சட்டையும் தப்பும்.

கைமாறிய கார் வாங்குகிறவர்களுக்கு ஒன்று. நான்கு சென்சர்களையும் ஒரு பிவிசி குழாய்க்குள் போட்டு, காற்றடித்து மூடி, காரின் பின்பெட்டிக்குள் ஒளித்து வைக்கிற ஒரு வித்தை உண்டு. கார் ஏமாறும், விளக்கு அணைந்திருக்கும், ரயர் தட்டையானாலும் எரியாது. வாங்கமுன் வால்வைப் பாருங்கள். சென்சர் உள்ள சில்லில் பெரும்பாலும் நட் போட்ட உலோகத் தண்டு இருக்கும். வெறும் றப்பர் வால்வு நான்கிலும் இருந்தால், சில சென்சர்கள் றப்பர்த் தண்டிலும் வருவது உண்மைதான், ஆனாலும் கேள்வி கேளுங்கள்.

வேலை முடிந்து காரை எடுக்கமுன் ஒரு சோதனை. ஒரு ரயரில் காற்றை 25 பிஎஸ்ஐக்கு இறக்கச் சொல்லி, பக்கத்துத் தெருவில் மெதுவாக ஒரு சுற்று ஓடிப் பாருங்கள். விளக்கு மினுங்காமல் நேரே எரியவேண்டும். திரும்ப 36க்கு அடித்து இன்னொரு சுற்று ஓடினதும் அணையவேண்டும். இதை நான்கு சில்லுக்கும் செய்ய ஒரு கடைக்காரருக்கும் பொறுமை இருக்காது. ஆனால் ஒன்றுக்காவது செய்து காட்டினபிறகு காசைக் கொடுங்கள்.