‘அது அவங்க நாட்டு வரி சார்’ என்று கையெழுத்துப் போடாதீர்கள்

இந்த மாதத்தில் இவர் நான்காவது ஆள். துணிப்பை தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர். பத்துப் பன்னிரண்டு தையல் மிஷின், அதில் ஒன்றில் மனைவி. சரக்கு நடுக்கடலில் இருக்கும்போது, வாங்குகிற நாடு இறக்குமதி வரியை ஏற்றிவிட்டது. “அது அவங்க நாட்டு வரி சார், அவங்க கட்டிக்குவாங்க” என்று இவர் நிம்மதியாக இருந்திருக்கிறார். வாங்குபவரிடமிருந்து மெயில் வந்தது: வரி உங்கள் பொறுப்பு. ஒப்பந்தத்தைக் கொண்டுவரச் சொன்னேன். விலைக்குப் பக்கத்தில் மூன்றே எழுத்து, டி.டி.பி. “அவங்க கேட்டாங்க, போட்டுக் கொடுத்தேன்” என்றார்.

சரக்கு கிளியரன்ஸ்தான் என் தொழில். இந்த ஒரு விஷயத்தைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. ஒரு நாடு இன்னொரு நாட்டுப் பொருளுக்கு வரி போட்டால் யார் கட்டுவது? விற்கிற நாடு கட்டும் என்கிறார்கள். இல்லை. படித்தவர்களும் சொல்கிறார்கள், அப்போதும் இல்லை. எந்த அரசும் இன்னொரு அரசுக்கு இதற்காகச் செக் எழுதுவதில்லை. சரக்கு இறங்கும் துறைமுகத்தில் இறக்குமதியாளர் என்று யார் பெயர் பதிவாகியிருக்கிறதோ, அவர் கட்டுகிறார். கட்டினால்தான் கன்டெய்னர் வெளியே வரும். பணம் போவது சரக்கு இறங்கிய நாட்டின் கஜானாவுக்கு. ‘அந்த நாட்டின் மேல் வரி போட்டுவிட்டோம்’ என்று தலைவர்கள் மேடையில் பேசுகிறார்களே, அந்த ‘மேல்’ என்ற ஒரு சொல் செய்த வேலை இது. வரி விழுவது பொருளின் மேல். பொருள் யார் கையில் இருக்கிறதோ, அவர் பையில் கை வைக்கும்.

கட்டியவர் அதைச் சும்மா விடுவாரா? விற்றவரிடம் கொஞ்சம் விலை குறைக்கச் சொல்வார், லாபத்தில் கொஞ்சம் விடுவார், மிச்சத்தை விலையில் ஏற்றுவார். 2018 தொடக்கத்தில் அமெரிக்கா இறக்குமதி வாஷிங் மெஷின்களுக்குக் கூடுதல் வரி போட்டது. முதல் 12 லட்சம் மெஷின்களுக்கு 20 சதவீதம், அதற்கு மேல் வந்தால் 50. அங்கே வாஷிங் மெஷின் விலை சுமார் 12 சதவீதம் ஏறியது என்று பொருளாதார ஆய்வாளர்கள் பின்னால் கணக்கிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், வரியே போடாத துணி உலர்த்தும் மெஷினும் ஏறக்குறைய அதே அளவு ஏறியது. இரண்டையும் ஜோடியாக வாங்குகிறவர்கள் அதிகம், அதனால் சுமையை இரண்டிலும் பிரித்து ஏற்றிவிட்டார்கள். உள்நாட்டுத் தயாரிப்பும் ஏறியது. ‘நான் வெளிநாட்டுப் பொருளே வாங்குவதில்லை’ என்பவரும் தப்பவில்லை.

இனி அந்த மூன்று எழுத்து. விற்பவர் பொறுப்பு எதுவரை, வாங்குபவர் பொறுப்பு எதிலிருந்து என்று சொல்ல, சர்வதேச வர்த்தக சபை 1936 முதல் வெளியிட்டுவரும் இன்கோடெர்ம்ஸ் விதிகளில் இப்போது 11 சுருக்கச் சொற்கள் உள்ளன. அவற்றில் இறக்குமதி வரியை விற்பவர் தலையில் கட்டுவது டி.டி.பி. ஒன்றுதான். அதாவது, முன்பின் தெரியாத நாட்டில், நீங்கள் ஓட்டுப்போடாத அரசு நாளைக்கு எவ்வளவு ஏற்றினாலும் நான் கட்டுகிறேன் என்று எழுதிக் கொடுப்பது. பெரிய நிறுவனங்கள் கணக்குப் பார்த்து எழுதிக் கொடுக்கலாம். பன்னிரண்டு மிஷின் வைத்திருப்பவர் கொடுக்கவே கூடாது. கன்டெய்னரில் போகும் சரக்கென்றால் எஃப்.சி.ஏ. கேளுங்கள். குறிப்பிட்ட இடத்தில் வாங்குபவரின் போக்குவரத்துக்காரரிடம் சரக்கை ஒப்படைப்பதோடு உங்கள் பொறுப்பு முடியும், இறக்குமதி வரி வாங்குபவருடையது. (எஃப்.ஓ.பி. என்று பழக்கதோஷத்தில் எழுதுகிறோம், நான் உட்பட. அது கப்பலில் நேரடியாக ஏற்றும் சரக்குக்கு உரியது.) கூடவே ஒரு வாக்கியம் சேருங்கள்: கையெழுத்தான பிறகு வரி மாறினால் கூடுதல் யாருக்கு, எத்தனை பங்கு. ஏனென்றால் பெரும்பாலான நாடுகளில் ஆர்டர் போட்ட நாளின் வரி செல்லாது, சரக்கு வந்து சுங்கத்தில் கணக்குத் தாக்கல் செய்யும் நாளின் வரிதான்.

இறக்குமதி செய்கிறவர்களுக்கு: முதலில் உங்கள் ஹெச்.எஸ். கோடு, அதாவது பொருளை வகைப்படுத்தும் சுங்க எண், சரியா என்று பாருங்கள். சப்ளையர் போட்டதையே காப்பி அடிக்காதீர்கள். முதல் ஆறு இலக்கம் உலகமெல்லாம் ஒன்று, அதற்குப் பின்னால் நாட்டுக்கு நாடு வேறு, வரியும் வேறு. அமெரிக்காவில் காமிக்ஸ் நாயகர்களின் உருவங்கள் மனித உருவ பொம்மையா, வெறும் விளையாட்டுச் சாமானா என்று ஒரு வழக்கு நடந்தது. மனித உருவம் என்றால் 12 சதவீதம், இல்லையென்றால் 6.8. அவர்கள் மனிதர்கள் அல்ல என்று 2003-இல் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. என் தொழிலில் சிரிக்கக் கிடைக்கும் சில விஷயங்களில் இது ஒன்று. உங்களுக்குச் சந்தேகம் என்றால் வழக்கு வரை போக வேண்டாம், சுங்கத்துறையிடம் முன்கூட்டியே எழுத்துபூர்வமாகத் தீர்ப்புக் கேட்கும் வசதி பல நாடுகளில் இருக்கிறது.

மிஷின் வாங்கினால், வந்த பிறகு செய்யும் நிறுவல், பராமரிப்புக் கட்டணங்களை இன்வாய்ஸில் தனியாகக் காட்டச் சொல்லுங்கள். பொதுவாக அவை வரிக்கான மதிப்பில் சேராது. பணம் உடனே புரட்ட முடியாவிட்டால் பாண்டட் கிடங்கில் (வரி கட்டும்வரை சரக்கை வைக்கச் சுங்கத்துறை அனுமதித்த கிடங்கு) வைத்து, வேண்டியபோது எடுத்து, எடுத்ததற்கு மட்டும் கட்டலாம். அந்தப் பொருளை வைத்தே எதையாவது தயாரித்து ஏற்றுமதி செய்தால் கட்டிய வரியில் திரும்பக் கிடைப்பதும் உண்டு. ரசீதுகளைக் குப்பையில் போடாமல் இருந்தால்.

“இன்வாய்ஸில் பாதி விலை போடச் சொல்லட்டுமா?” வாராவாரம் ஒருவராவது கேட்கிறார். சொல்லாதீர்கள். “வேறு நாட்டு வழியாகக் கொண்டுவந்தால்?” பெட்டியை இறக்கி, லேபிள் மாற்றி, மறுபடி ஏற்றினால் பொருளின் பிறப்பிடம் மாறிவிடாது. அந்த நாட்டில் உருப்படியான உற்பத்தி வேலை நடந்திருக்க வேண்டும். மாட்டினால் வரி, அபராதம், சரக்கு மூன்றும் போகும். அப்போது யோசனை சொன்ன நண்பர் போனை எடுக்க மாட்டார்.

கடையில் பொருள் வாங்குகிறவர்களுக்கு ஒரே ஒரு கணக்கு. இறக்குமதி விலை 100, கடையில் 250-க்கு விற்கிறார்கள் என்று வையுங்கள். 25 சதவீத வரி வந்தால் கூடுதல் செலவு 25. விற்பனை விலையில் அது 10 சதவீதம்தான். 250-ஐ 312 ஆக்கிவிட்டு ‘வரி சார்’ என்று கடைக்காரர் கையை விரித்தால், பழைய சரக்கா, புதிய சரக்கா என்று கேளுங்கள். வரிச் செய்தி கேட்ட அன்றே ஓடிப்போய் வாங்கிக் குவிக்காதீர்கள், ஏற்கெனவே கடையில் இருப்பது பழைய வரியில் வந்தது. அந்த ஓட்டம்தான் அதன் விலையையும் ஏற்றுகிறது. வெளிநாட்டு இணையதளத்தில் வாங்கினால், காட்டும் விலையில் வரி அடக்கமா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். அடக்கமில்லை என்றால் கூரியர்காரர் வரியோடு தன் கையாளும் கட்டணத்தையும் சேர்த்து வாசலில் நிற்பார். ‘உங்கள் பார்சல் கஸ்டம்ஸில் நிற்கிறது, இந்த லிங்க்கில் பணம் கட்டவும்’ என்று எஸ்.எம்.எஸ். வந்தால், தயவுசெய்து, தொடாதீர்கள். கூரியரின் சொந்தத் தளத்துக்குப் போய் டிராக்கிங் எண்ணைப் போட்டுப் பாருங்கள்.

துணிப்பைக்காரருக்கு அந்தச் சரக்கில் லாபம் போனது போனதுதான். பேசிப் பார்த்ததில் வாங்குபவர் கூடுதல் வரியில் பாதியை ஏற்றுக்கொண்டார். பழைய வாடிக்கையாளர், நல்ல மனிதர், எல்லோருக்கும் அப்படி அமையாது. நேற்று அடுத்த ஒப்பந்தத்தைக் கையெழுத்துக்கு முன்பே வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். எஃப்.சி.ஏ. என்றுதான் இருந்தது. பக்கத்தில், சரக்கை எந்த இடத்தில் ஒப்படைப்பது என்ற கட்டம் காலியாக இருந்தது. நிரப்பி அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.