காலாவதியான கையெழுத்து வாங்கித் தந்த மூன்று ஆண்டுகள்

“ஆண்ட்ராய்டு 6 போன். கேமரா, பேட்டரி எல்லாம் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் 2024 கடைசியிலிருந்து பல இணையதளங்களைத் திறந்தாலே ‘பாதுகாப்பற்ற இணைப்பு’ என்கிறது. போன் கெட்டுவிட்டதா?” என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். போன் கெடவில்லை. அதற்குள் இருக்கும் ஒரு பட்டியல் பழசாகிவிட்டது.

தான் போலியல்ல என்று நிரூபிக்க இணையதளம் காட்டும் மின்னணுச் சான்றிதழில் இன்னொரு சான்றிதழின் கையொப்பம் இருக்கும், அதன் மேல் வேறொன்று. அந்தச் சங்கிலி, போன் நம்பும் பட்டியலில் ஏற்கெனவே இருக்கும் ஒரு மூலச் சான்றிதழில் போய் முடிய வேண்டும். 2015 முதல் இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்க்ரிப்டின் சொந்த மூலம் ஆண்ட்ராய்டு 7.1.1இல்தான் இடம்பிடித்தது. அதுவரை, போன்களில் ஏற்கெனவே இருந்த ஐடென்ட்ரஸ்ட் என்ற சான்றிதழ் நிறுவனத்தின் பழைய மூலத்திடம் கையொப்பத்தை இரவல் வாங்கினார்கள். அந்தப் பழைய மூலத்தின் ஆயுள் 2021 செப்டம்பர் 30 வரை.

2020 நவம்பரில் கணக்குப் பார்த்தபோது, ஆண்ட்ராய்டு கருவிகளில் 33.8% 7.1க்கும் பழையவை. ஆனால் பெரிய தளங்களின் போக்குவரத்தில் அவற்றின் பங்கு 1 முதல் 5% வரைதான். எந்த எண்ணை நம்புவது? இரண்டும் உண்மைதான், ஒன்று கருவிகளை எண்ணுகிறது, மற்றது வருகைகளை. இங்கே பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஆதரவை நிறுத்திய பிறகு சர்வர் பதிவேட்டைப் பார்த்து ‘பழைய போன்காரர் யாரும் வரவில்லையே’ என்று திருப்திப்படுவார்கள். இணைப்பே அமையாதவர் அந்தப் பதிவேட்டில் எப்படி வருவார்? ஆதரவை நிறுத்துவதற்கு முன்பே எண்ணிவிட வேண்டும்.

மூன்றில் ஒரு பங்கைக் கைவிட மனமில்லாமல் அவர்கள் கண்டுபிடித்த வழிதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஆண்ட்ராய்டு தன் பட்டியலில் இருக்கும் மூலச் சான்றிதழின் காலாவதித் தேதியைப் பார்ப்பதே இல்லை. இது கவனக்குறைவு அல்ல, வேண்டுமென்றே செய்தது. மூலத்தைப் பொறுத்தவரை போனுக்குத் தேவை ஒரு பெயரும், கையொப்பத்தைச் சரிபார்க்கும் ஒரு பொதுச் சாவியும்தான்; சான்றிதழ் என்பது அவற்றைப் போட்டுவைத்த உறை. உறையின் மேல் என்ன தேதி இருந்தால் என்ன? ஆகவே காலாவதியாகப்போகும் அந்தப் பழைய மூலத்தின் ரகசியச் சாவியைக்கொண்டே, புதிய மூலத்துக்கு 2024 செப்டம்பர் 30 வரை செல்லும் குறுக்குக் கையொப்பம் ஒன்றை ஐடென்ட்ரஸ்ட் இட்டுத் தந்தது. கையொப்பமிட்டவரின் ஆயுளைத் தாண்டி மூன்றாண்டு வாழ்ந்த கையொப்பம்! பழைய போன்கள் மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டன.

இதற்கு விலை உண்டு. பாதுகாப்பான இணைப்பு அமைக்கப் பல மென்பொருள்கள் நம்பியிருக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலின் பழைய 1.0.2 பதிப்போ இந்த நீண்ட சங்கிலியின் நுனிவரை ஏறி, அங்கே காலாவதித் தேதியைக் கண்டு, வழியிலேயே புதிய மூலம் கையருகே இருந்தும் இணைப்பை மறுத்தது. போதாததற்கு, புத்தம்புது போன்கூட ஒவ்வொரு இணைப்பிலும் தனக்குத் தேவையே இல்லாத அந்தக் குறுக்குக் கையொப்பச் சான்றிதழை இறக்கிக்கொண்டிருந்தது. அதை நீக்கினால் சான்றிதழ்களுக்காக அனுப்பும் பைட்டுகளில் 40%க்கு மேல் மிச்சம்.

2023இல் 7.1உம் அதற்கு மேலும் உள்ள கருவிகள் 93.9% ஆகிவிட்டன. அப்போதுதான் நாள் குறித்தார்கள். 2024 பிப்ரவரி 8 முதல் குறுக்குக் கையொப்பம் தானாக வராது, கேட்டால் கிடைக்கும். ஜூன் 6 முதல் கேட்டாலும் கிடையாது. ஏன் ஜூன் 6? அப்போது சான்றிதழின் ஆயுள் 90 நாள். கடைசியாக வாங்கிய சான்றிதழும் செப்டம்பர் முதல் வாரத்திலேயே முடிந்துவிடும், கையொப்பம் சாவதற்குள்.

என்னைக் கேட்டால், குற்றவாளி லெட்ஸ் என்க்ரிப்ட் அல்ல. சின்னஞ்சிறு கோப்புகளின் பட்டியலை இயங்குதளத்தோடு ஒட்டிவைத்துவிட்டு, இரண்டே வருடத்தில் அப்டேட்டை நிறுத்தும் வழக்கம்தான் நல்ல போன்களைக் குப்பைக்கு அனுப்புகிறது. பட்டியலை மட்டும் தனியே புதுப்பிக்கும் வசதி ஆண்ட்ராய்டு 14இல்தான் வந்தது.

வாசகருக்கு: லெட்ஸ் என்க்ரிப்ட் தளத்திலிருந்து ‘ஐஎஸ்ஆர்ஜி ரூட் எக்ஸ்1’ என்ற அவர்களின் சொந்த மூலச் சான்றிதழ்க் கோப்பை வேறொரு கருவியில் இறக்குங்கள், உங்கள் போனில் அந்தத் தளமே திறக்காமல் போகலாம். மெமரி கார்டிலோ யுஎஸ்பி கேபிளிலோ கொண்டுவந்து, செட்டிங்ஸில் பாதுகாப்புப் பகுதிக்குள் சேமிப்பகத்திலிருந்து சான்றிதழ் நிறுவும் வசதியைத் தேடுங்கள். பின் எண் வைக்கச் சொல்லும். ‘உங்கள் நெட்வொர்க் கண்காணிக்கப்படலாம்’ என்ற எச்சரிக்கையும் வரும். நீங்களே ஒரு மூலத்தைச் சேர்த்ததால் வருவது அது. ஆனால் வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய கோப்பை இப்படி நிறுவிவிடாதீர்கள். அப்போது அந்த எச்சரிக்கை மெய்யாகிவிடும்.