காலி டேங்க்தானேன்னு கை வைக்காதீங்க: பழைய கார் பெட்ரோல் டேங்க் இறக்குறவங்களுக்கு

குன்னூர், கோத்தகிரி பக்கம் பழைய எஸ்டேட் பங்களா ஷெட்டுகள்ல இன்னும் வண்டிங்க கிடக்கு, மோரிஸ் மைனர், ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், அம்பாசடர், வில்லிஸ் ஜீப்புன்னு. தாத்தா வண்டிய மறுபடி ஓட்டணும்னு பசங்க ஆசைப்படுறாங்க, நல்ல விஷயம்தான், ஆனா ரெண்டு வீடியோ பார்த்துட்டு வீட்டு ஷெட்டுலயே டேங்க்க கழட்ட ஆரம்பிச்சிடுறாங்க. கேட்டா வர்ற பதில் ஒண்ணுதான், "அண்ணா, டேங்க் காலிதாங்க, வருஷக்கணக்கா பெட்ரோலே ஊத்தல."

அந்த காலி டேங்க்தாங்க எனக்கு பயமே. டேங்க் ஃபுல்லா இருக்கும்போது உள்ள காத்துக்கு இடமில்ல, பெட்ரோல் ஆவி ரொம்ப கெட்டியா நிக்கும். காத்துல ஆவி சுமார் 1.4 சதவீதத்துல இருந்து 7.6 சதவீதம் வரைக்கும் கலந்திருந்தாதான் தீப்பிடிக்கும், பெட்ரோல வடிச்சிட்டு மூடிய திறந்ததும் உள்ள காத்து புகுந்து கரெக்டா அந்த அளவுக்கு வந்து நிக்குது. அடியில துருவோட ஒட்டியிருக்குற ஈரமே அதுக்குப் போதும்.

நம்ம மலையில இன்னொரு தப்புக் கணக்கு இருக்கு, இங்கதான் குளிராச்சே பெட்ரோல் எப்படி ஆவியாகும்னு. மைனஸ் 40 டிகிரிக்கும் கீழ கூட தீப்பிடிக்கிற அளவுக்கு ஆவி விடுற சாமான் அது, ஊட்டில டிசம்பர் ஜனவரியில புல்லு மேல உறைபனி விழுந்தாலும் அதுக்கு அது ஒரு குளிரே இல்ல. ஆனா குளிருதுன்னு நாம என்ன பண்றோம், ஷட்டர இழுத்து விட்டுட்டு மூலையில கணப்பு போட்டுக்கிட்டு வேலை பாக்குறோம். பெட்ரோல் ஆவி காத்தை விட மூணு நாலு மடங்கு கனம், மேல போகாது, தரையோட தரையா ஊர்ந்து போகும், நம்ம ஊர் ஷெட்டு பாதி ரோட்டு மட்டத்துக்கு கீழ சரிவை வெட்டிக் கட்டினது, அங்க குழியில தேங்கி நிக்கும். பத்தடி தள்ளி இருக்குற கணப்பு வரைக்கும் அது போய்ச் சேரும், நமக்கு வாசனை பழகிப் போனதால தெரியவும் தெரியாது. குளிருதோ மழையோ, வண்டிய தள்ளி வெளிய சமதரையில நிறுத்துங்க, சக்கரத்துக்கு கட்டை கொடுங்க, ஜாக்கிய மட்டும் நம்பி அடியில படுக்காம ஸ்டாண்ட் வைங்க. பவுடர் வகை தீயணைப்பு சிலிண்டர் ஒண்ணு கைக்கு எட்டுற இடத்துல இருக்கட்டும், பெட்ரோல் தீயில தண்ணி ஊத்தினா தீ மிதந்து பரவும்.

டேங்க் ஏன் இப்படி துருப்பிடிக்குதுன்னா, பாதி டேங்க்கோட வண்டி நின்னா ராத்திரி குளிர்ல உள்ள பனி வேர்த்து தண்ணி அடியில இறங்கும், மூடுபனி ஊர்ல இது தினமும் நடக்குது. இப்போ பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால் வேற, அது ஈரத்தை இழுக்குற சரக்கு, பழைய ரப்பர் ஹோஸையும் ஊற வச்சு நாசம் பண்ணும். அதனால டேங்க் இறக்கும்போதே ஹோஸையும் மாத்திடுங்க.

முதல்ல பேட்டரியில இருந்து வண்டி பாடிக்குப் போற எர்த் வயர கழட்டுங்க (பழைய மோரிஸ் மைனர் மாதிரி வண்டில அது பாசிட்டிவா இருக்கும்), அப்புறம்தான் பெட்ரோல் மீட்டருக்கு அளவு காட்டுற ஃப்ளோட் யூனிட்டோட வயர். டேங்க் இருக்குற இடம் வண்டிக்கு வண்டி மாறும், மோரிஸ் மைனருக்கு டிக்கி தளத்துக்கு அடியில, ஹெரால்டுக்கு டிக்கிக்கு உள்ளயே ஒரு பக்கமா, வில்லிஸ்ல டிரைவர் சீட்டுக்கு கீழ. வடிகால் போல்ட் இருந்தா அதுல வடிங்க, இல்லாட்டி கைப்பம்பு. டியூபை வாய்ல வச்சு உறிஞ்சுறத தயவுசெஞ்சு விட்டுடுங்க, ஒரு வாய் நுரையீரல்ல இறங்கினா நிமோனியா மாதிரி ஆயிடும், மூச்சுத் திணறல் சில மணி நேரம் கழிச்சுக்கூட வரும். யாராவது முழுங்கிட்டா உப்புத் தண்ணி கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீங்க, வெளிய வரும்போது மறுபடி நுரையீரலுக்குத்தான் போகும், நேரா ஆஸ்பத்திரி. வடிக்கிறது இரும்பு கேன்ல, கேனையும் வண்டி பாடியையும் ஒரு வயரால இணைச்சிடுங்க, அப்பதான் நிலைமின்சாரப் பொறி வராது. பக்கத்துல நின்னு ஸ்வெட்டர், நைலான் ஜெர்கின் கழட்டாதீங்க, சடசடன்னு ஒரு பொறி வருமே, அது போதும்.

டேங்க்க தாங்குற பட்டையோட போல்ட் துருப்பிடிச்சு உருகின மாதிரி ஒட்டியிருக்கும், அங்கதான் எல்லாருக்கும் பொறுமை போகுது, கிரைண்டர் எடுத்துடுறாங்க, இல்ல கேஸ் டார்ச். துரு விடுற ஆயிலை முந்தின நாளே அடிச்சு ஊற விடுங்க, அப்படியும் வரலன்னா எண்ணெய் விட்டுக்கிட்டே ஹேக்ஸா பிளேடால மெதுவா கையால அறுங்க, கை வலிக்கும், வலிக்கட்டும். வெளிச்சத்துக்கு பழைய குண்டு பல்பு ஹேண்ட் லாம்ப் வேண்டாம், கீழ விழுந்து உடைஞ்சா அதுவே தீப்பெட்டி.

2000-க்கு முன்னாடி நிறுத்தின வண்டின்னா இன்னொரு விஷயம், அந்த வருஷம் பிப்ரவரியிலதான் நாட்டுல ஈயம் கலந்த பெட்ரோல் முழுசா நின்னுச்சு, அடியில இருக்குற வண்டல்ல ஈயம் இருக்கலாம், நிறைய பழைய டேங்க்கோட தகட்டுப் பூச்சுலயும் ஈயம் உண்டு. காய வச்சு சுரண்டி தூசி கிளப்பாதீங்க, ஈரமா வச்சே எடுங்க, கிளவுஸ் போடுங்க, குழந்தைங்கள கிட்ட விடாதீங்க. வடிச்ச பெட்ரோலையும் கழுவின தண்ணியையும் தேயிலைத் தோட்டத்து ஓடையில ஊத்துறவங்கள பார்த்திருக்கேன், குன்னூர் ஆறு நேரா பவானிக்குத்தான் போகுது, கீழ அதைக் குடிக்கிறாங்க. மூடி போட்ட கேன்ல எடுத்து வச்சு, கழிவு ஆயில் வாங்குறவங்ககிட்ட பேசிக் கொடுங்க.

ஓட்டைய வெல்டிங் வைக்கிறத வீட்டுல யோசிக்கவே வேண்டாம். சோப்புத் தண்ணியில ஒரு தடவை அலசினா சுத்தம்னு நினைக்கிறாங்க, மடிப்புல, துருவுக்கு அடியில இருக்குற பெட்ரோல் சூடு பட்டதும் மறுபடி ஆவியா வரும். (பார் சோப்பை ஓட்டையில தேய்க்கிற பழைய டிரிக் வேலை செய்யும்தான், ஆனா அது பட்டறை வரைக்கும் வண்டிய கொண்டு வர மட்டும்.)

இறக்கின டேங்க்க சாக்குல சுத்தி மேட்டுப்பாளையம் பஸ்ல ஏத்தி டிங்கர்கிட்ட அனுப்புறாங்க, அதுவும் வேண்டாம். 14 கொண்டை ஊசி இறங்க இறங்க சூடு ஏறும், ஆவி கசியும், பஸ்ஸுல அத்தனை ஜனம். ஓட்டைகள கார்க் வச்சு அடைச்சு திறந்த பிக்கப்ல போடுங்க. டிங்கர் டார்ச்ச பத்த வைக்கப் போறவரு, அதனால கடைசியா எதுல கழுவினீங்க, எப்போ வடிச்சீங்கன்னு சாக்பீஸால டேங்க் மேலயே எழுதி அனுப்புங்க, போன்ல சொன்னா பட்டறையில வேற பையன் எடுத்திருப்பான்.