பான்லூக்கோபீனியாவில் பிழைத்த பூனை: அதற்குப் பிறகு?

ஃபெலைன் டிஸ்டெம்பர் என்றும் பான்லூக்கோபீனியா என்றும் சொல்லப்படும் நோயைப் பற்றி எழுதப்படுபவை பெரும்பாலும் சாவோடு முடிந்துவிடுகின்றன. காரணம் இல்லாமல் இல்லை. சிகிச்சை கிடைக்காத குட்டிகளில் பத்துக்கு ஒன்பது வரை இறந்துபோகக்கூடிய நோய் அது. ஆனால் முதல் ஐந்து நாட்களைத் தாண்டிய பூனை பெரும்பாலும் தேறிவிடுகிறது. தேறிய பூனையைக் கூடையில் வைத்து வீட்டுக்குத் தூக்கிச் செல்கிறவர்கள் கேட்கும் கேள்விகளுக்குத்தான் எழுத்தில் பதில் குறைவு. எதிர்ப்புச் சக்தி திரும்புமா? குடல் கெட்டுப்போயிருக்குமா? பின்னால் வலிப்பு வருமா? ஆயுள் குறையுமா?

நான் முதலில் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: வைரஸ் தொற்றியபோது பூனைக்கு என்ன வயது?

இது பார்வோ குடும்பத்து வைரஸ். மிகச் சிறியது. பிரிந்து பெருகிக்கொண்டிருக்கும் செல்லுக்குள் புகுந்தால்தான் அதனால் தானும் பெருக முடியும். இரண்டு மூன்று மாதக் குட்டியின் உடலில் அப்படி ஓயாமல் பெருகும் செல்கள் குடலின் உட்சுவரிலும் எலும்பு மஜ்ஜையிலும் நிணநீர்த் திசுக்களிலும் இருக்கின்றன. வாந்தியும் வயிற்றுப்போக்கும் வெள்ளையணுக்களின் வீழ்ச்சியும் அதனால்தான் வருகின்றன. ஆனால் இந்த இடங்கள் அழிந்ததை மறுபடி உண்டாக்கிக்கொள்ளும் இயல்பு உள்ளவை. தாயின் வயிற்றிலிருக்கும் சிசுவுக்கும் பிறந்து ஓரிரு வாரமே ஆன குட்டிக்கும் கணக்கு வேறு. அந்த வயதில், உடல் அசைவையும் சமநிலையையும் ஒழுங்குபடுத்தும் சிறுமூளை இன்னும் உருவாகிக்கொண்டிருக்கிறது. அங்கேயும் செல்கள் வேகமாகப் பெருகுகின்றன. அங்கே அழிந்தது திரும்பாது.

ஆகவே, ஓரளவு வளர்ந்த பிறகு நோய் கண்டு பிழைத்த பூனை முழு ஆரோக்கியத்தோடு வாழும் வாய்ப்பே அதிகம். வெள்ளையணுக்கள் குறைந்ததைப் பார்த்துப் பயந்தவர்கள், பூனைக்கு நிரந்தரமாக எதிர்ப்புச் சக்தி போய்விட்டது என்று எண்ணிக்கொள்கிறார்கள். அப்படி ஆவதில்லை. மஜ்ஜை மீளத் தொடங்கியதும் சில நாட்களிலேயே எண்ணிக்கை ஏறிவிடும். சில பூனைகளில் இயல்பான அளவையும் தாண்டிப் பிறகு நிலைப்படும். வீட்டுக்குப் போன சில வாரங்களில் ஒருமுறை இரத்தப் பரிசோதனை செய்து அதை உறுதிப்படுத்திக்கொண்டால் போதும். எதிர்ப்புச் சக்திக்கென்று வருடக்கணக்கில் டானிக் ஊற்றுவது காசுக்குக் கேடு, பூனைக்கும் தொல்லை. உண்மையிலேயே எண்ணிக்கை ஏறவில்லை என்றாலோ, பூனை அடிக்கடி நோயில் விழுந்தாலோ, பழைய நோயின் மீது பழி போட்டுவிட்டு உட்காரக் கூடாது. பூனைகளுக்கு வரும் லுக்கீமியா வைரஸ் தொற்று இதே போன்ற தோற்றத்தைக் காட்டக்கூடியது. அதற்கான பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள்.

சொல்லப்போனால் இந்த ஒரு வைரஸ் விஷயத்தில் பிழைத்த பூனைதான் பலசாலி. அதற்குக் கிடைக்கும் எதிர்ப்பாற்றல் பல்லாண்டுகள், அநேகமாக வாழ்நாள் முழுவதும் நிற்கும். அதற்காக மற்றத் தடுப்பூசிகளை விட்டுவிட முடியாது. ஹெர்ப்பீஸ், கலிசி, ரேபிஸ் வைரஸ்களுக்கு இந்தப் பாதுகாப்பு செல்லாது.

குடல் விஷயத்தில் கொஞ்சம் பொறுமை வேண்டும். உட்சுவர் வழித்தெடுக்கப்பட்ட நிலையிலிருந்து வளர்ந்து வருவதால் முதல் சில நாட்கள் மலம் இளகியே இருக்கும். எளிதில் செரிக்கும் உணவைச் சிறிது சிறிதாக, பல வேளைகளாகக் கொடுங்கள். தெம்பு வரட்டும் என்று பசும்பால் கொடுக்க வேண்டாம். நல்ல உடல்நிலையிலிருக்கும் பல பூனைகளுக்கே அது ஒத்துக்கொள்வதில்லை. வாரம் ஒருமுறை எடை பார்த்துக் குறித்து வையுங்கள். நோயில் படுத்த குட்டி தன் உடன்பிறப்புகளைவிடச் சிறுத்துத் தெரிந்தாலும் பசி திரும்பிய பின் பெரும்பாலும் எட்டிப் பிடித்துவிடும்.

இரண்டு மூன்று வாரங்கள் கழித்தும் வயிற்றுப்போக்கு நிற்கவில்லை என்றால் மலப் பரிசோதனை அவசியம். ஜியார்டியா, காக்ஸிடியா என்ற நுண்ணிய ஒட்டுண்ணிகளும் குடற்புழுக்களும் குட்டிகளிடம் சாதாரணமாகக் காணப்படுபவை. பலவீனப்பட்ட குடலில் தாராளமாகக் குடியேறிவிடும். மருந்துக்குக் கட்டுப்படக்கூடிய இவற்றை, அந்த நோயின் மிச்சம் என்று மாதக்கணக்கில் சகித்துக்கொண்டிருப்பதைப் பார்க்கையில் எனக்குக் கோபம்தான் வருகிறது. இதே குடும்பத்து வைரஸால் வரும் பார்வோ நோய் கண்டு பிழைத்த நாய்களுக்கு நீண்டகால வயிற்றுக் கோளாறு மற்ற நாய்களைவிட அதிகம் என்று 2018இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அதைப் பூனைக்கு அப்படியே ஒட்டவைக்க நான் தயாரில்லை. ஆனாலும் பிழைத்த பூனைக்கு எப்போதாவது தொடர்ந்து வயிறு கெட்டால், பழைய நோயைப் பற்றி மருத்துவரிடம் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.

வலிப்பு பற்றிய பயம் நாய்களிடமிருந்து வந்தது. நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர், தட்டம்மை வைரஸின் உறவுக்கார வைரஸால் வருவது. அதிலிருந்து பிழைத்த நாய்க்கு வாரங்கள், மாதங்கள் கழித்துக்கூட நரம்புக் கோளாறு தலைகாட்டும். பூனையின் நோய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நன்றாகத் தேறி ஓடியாடிய பூனைக்கு ஒரு வருடம் கழித்து வலிப்பு வந்தால் வேறு காரணத்தைத் தேட வேண்டும்.

இனி சிறுமூளைக்கு வருவோம். நிரந்தரத் தழும்பு என்று உறுதியாகச் சொல்லக்கூடியது இதுதான். கர்ப்பத்தின் பிற்பகுதியிலோ பிறந்த உடனேயோ வைரஸ் தாக்கிய குட்டிகளில் சிறுமூளை முழு வளர்ச்சி அடைவதில்லை. இப்படிப் பிறக்கும் குட்டிகளைப் பற்றிப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே குறிப்புகள் உண்டு. நெடுங்காலம் பிறவிக் குறையாகக் கருதப்பட்ட இதற்கு வைரஸே காரணம் என்பதை 1960களில் கில்ஹாம், மார்கோலிஸ் என்ற இரு ஆய்வாளர்கள் நிறுவினார்கள்.

குட்டி படுத்துப் பால் குடிக்கும்வரை எதுவும் தெரியாது. மூன்று நான்கு வாரத்தில் எழுந்து நடக்கத் தொடங்கும்போதுதான் வெளிப்படும். கால்களை அகல வைத்து நிற்கும், தேவைக்கு மேல் காலைத் தூக்கி வைக்கும், தடுமாறி விழும். உணவுத் தட்டை நோக்கிக் குனியும்போது தலை நடுங்கும். தூங்கும்போது நடுக்கம் இருக்காது. ஒரே ஈற்றில் ஒரு குட்டி உருண்டு விழுந்துகொண்டிருக்கும், இன்னொன்று லேசாக ஆடும், மூன்றாவது எந்தக் குறையும் இல்லாமல் ஓடும். சிலவற்றுக்கு விழித்திரையிலும் பாதிப்பு இருக்கலாம் என்பதால் கண்களையும் பரிசோதிப்பது நல்லது.

இந்தக் குட்டிகளைக் கருணைக்கொலை செய்துவிடலாமா என்று கேட்டு வருகிறவர்கள் உண்டு. கேட்பவர்கள் கொடியவர்கள் அல்லர். அது வலியால் துடிக்கிறது என்று நினைக்கிறார்கள். வலி இல்லை. அறிவிலும் குறை இல்லை. இந்த நிலை நாளுக்கு நாள் மோசமாவதும் இல்லை. குட்டி வளர வளர, விழாமல் எப்படித் திரும்புவது, எங்கே சாய்ந்து நிற்பது என்பதையெல்லாம் கற்றுக்கொள்வதால், முதல் வருட முடிவில் பல பூனைகள் முன்பைவிட நன்றாகவே நடக்கின்றன. தானாகச் சாப்பிடவும் மலம் கழிக்கவும் முடிந்த பூனை மற்றப் பூனைகளைப் போலவே ஆயுள் முழுக்க வாழும். நிற்கவோ உண்ணவோ அறவே முடியாத, மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட சில குட்டிகள் விஷயத்தில்தான் அந்தப் பேச்சுக்கே இடமுண்டு. அதையும் மூன்று நான்கு வார வயதில் முடிவு செய்வது அவசரம் என்பது என் கருத்து.

வீட்டில் சில மாற்றங்கள் வேண்டும். வழுக்கும் தரையில் விரிப்பு போடுங்கள். மணல் தட்டு அகலமாகவும், சாய்ந்துகொள்ள மூன்று பக்கம் உயர்ந்தும், ஏறும் பக்கம் தாழ்ந்தும் இருக்கட்டும். உணவுக் கிண்ணம் கனமானதாக, சற்று உயரத்தில் இருந்தால் மூக்கு இடிபடாது. நகங்களை ஒட்ட வெட்டிவிடாதீர்கள். தாவ முடியாத பூனை நகத்தால் பற்றிக்கொண்டுதான் ஏறும். மாடிப்படிக்குத் தடுப்பு வேண்டும். தனியாக வெளியே விடவே கூடாது. ஆடி நடப்பதற்கென்று மாத்திரை எதுவும் கிடையாது. யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. நடுக்கம் மாதத்துக்கு மாதம் கூடுகிறது, அல்லது நன்றாக நடந்த பூனை புதிதாகத் தள்ளாடுகிறது என்றால் அது இந்தக் குறை அல்ல. தொற்றுப் பெரிட்டோனைட்டிஸ் என்ற வைரஸ் நோய், டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி என்று பல காரணங்கள் இருக்கின்றன. சிலவற்றுக்குச் சிகிச்சை உண்டு, தாமதம்தான் ஆபத்து.

சினைப்பூனைக்கு உயிருள்ள, வீரியம் குறைக்கப்பட்ட வைரஸ் தடுப்பூசி போட்டாலும் சிசுவின் சிறுமூளைக்கு இதே தீங்கு நேரலாம். நான்கு வாரத்துக்கு உட்பட்ட குட்டிகளுக்கும் அது ஆகாது. சினையாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலே ஊசிக்கு முன் சொல்லிவிட வேண்டும்.

பிழைத்த பூனையைவிட அது வாழும் வீட்டைப் பற்றித்தான் எனக்குக் கவலை. தேறிய பிறகும் ஆறு வாரம் வரை மலத்தில் வைரஸ் வெளியேறக்கூடும். வீட்டுக்குள் ஒரு வருடம் வரை அது உயிர்ப்போடு கிடக்கும். ஸ்பிரிட்டும் வழக்கமான தரை துடைப்பான்களும் அதை ஒன்றும் செய்யாது. பினாயில் வகைகள் பூனைக்கே நஞ்சு. அழுக்கைச் சோப்பு நீரால் முழுக்கக் கழுவிய பிறகு, ஒரு பங்கு ப்ளீச்சுக்கு 31 பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊறவிட்டு, அலசி உலர்த்த வேண்டும். மெத்தை, கம்பளம் போன்ற ப்ளீச் தாங்காத பொருட்களைத் தூக்கி எறிவதே மேல்.

இறந்த குட்டியின் இடத்தில் அடுத்த வாரமே இன்னொரு குட்டியைக் கொண்டுவந்து வைப்பவர்கள்தான் மறுபடி அழுதுகொண்டு வருகிறார்கள். அந்த வீட்டுக்குப் புதிய குட்டி வருவதாக இருந்தால், ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி மூன்று நான்கு வார இடைவெளியில் போடப்படும் ஊசிகளை வேறிடத்தில் இருந்தபடியே முடித்துக்கொள்ளட்டும். கடைசி ஊசி பதினாறு வாரத்துக்கு முன்பாக இருக்கக் கூடாது. தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் அதுவரை தடுப்பூசியைச் செயல்படவிடாமல் தடுக்கலாம். அதற்கும் ஒன்றிரண்டு வாரம் கழித்து அழைத்து வாருங்கள்.